வெட்டுப்பட்ட மிளகுக்கொடி

மார்க்கெட்டில் பச்சை மிளகின் காரவாசம் மூக்கில் ஏறினால் போதும், முள்முருங்கை மரங்களில் மிளகுக்கொடி சுற்றி நின்ற, விதைப்பதானாலும் விற்பதானாலும் அப்பா முதலில் மண்டியிட்டுக் கர்த்தரிடம் வழி கேட்ட, மலைமேல் வாழவந்தி நாட்டில் இருந்த எங்கள் ஜெபக்கொட்டகைக்கே போய்விடுகிறேன். குலசாமியை விட்டுவிட்டோம் என்ற ஆத்திரத்தில் ஒருநாள் பெரியப்பா கொடுவாளோடு வந்து, கொடிகளைத் துண்டுதுண்டாக வெட்டி, கூரைக்குத் தீவைத்து, தடுத்த அப்பாவின் தோளையும் வெட்டினார்.

"இப்ப என்னடா வழி காட்டுது உன் சாமி?"

ரத்தம் வழிய மண்டியிட்டு ஜெபித்த அப்பா, எழுந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"காட்டிட்டாருங்ண்ணா. கணுவோட வெட்டியிருக்கீங்க, நட்டா வேர் புடிக்கும்."

நட்ட துண்டுகள் அடுத்த மழையிலேயே துளிர்த்தன, பெரியப்பாவின் வேலியோரம் அப்பா நட்டவையும்கூட.

அப்பா மன்னித்துவிட்டார். எனக்கு மட்டும், அந்த வாசம் வந்தால் இன்றும் கை கொடுவாளைத் தேடுகிறது.