குப்பை என்றவர்

கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்தத் தடித்த கண்ணாடிக்காரரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. நல்ல புத்தகம் என்று நான் எதைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "குப்பை" என்று என் கட்டிலில் எறிவார்.

யுத்தகாலத்தில், ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் லொட்ஜில் இருந்த தமிழர் எல்லோரையும் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. நாங்கள் அடையாள அட்டையைத் தேடி எடுக்க, அவர் என் தலையணைக்கடியில் கிடந்த துப்பறியும் நாவலையும் தூக்கிக்கொண்டார். ஸ்டேஷன் மர வாங்கில் உட்கார்ந்து வாசித்தபடியே என்னைத் திட்டினார்.

"இதையெல்லாம் மனுசன் வாசிப்பானே தம்பி? உமக்கு ரசனையே இல்லை."

"அப்ப தாங்கோ அண்ணை."

"பொறும், பொறும்."

மத்தியானம் எங்களை விட்டார்கள். அவருடைய அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் அவரை வாங்கிலேயே இருத்திவைத்தார்கள். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாசலில் நின்று, "கொலைகாரன் ஆரெண்டு சொல்லட்டே?" என்றேன்.

அவர் பதறிப்போய் இரண்டு காதையும் பொத்தினார். "சொல்லிப்போடாதையும்! இன்னும் கொஞ்சப் பக்கம்தான்!"

அவர் லொட்ஜுக்குத் திரும்பவில்லை. அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். உள்ளே போட்டபோது புத்தகத்தையும் பறித்திருப்பார்கள். கொலைகாரன் யாரென்று அன்றே கத்தித் தொலைத்திருக்கலாம்.