மந்திரியைப் பின்னாலிருந்து கூப்பிட்டது

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகள் வீட்டு பேஸ்மென்ட்டில் மழைத்தண்ணீர் புகுந்து பேத்தியின் பொம்மைகளெல்லாம் மிதந்ததே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. பொம்மைகளை நான்தான் வெயிலில் காயவைத்தேன். ஒரு யானை மட்டும் கடைசிவரை காயவே இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

என் சின்ன மகன் ஒரு குட்டித் தீவு நாட்டில், ஓட்டலில் சமையல்காரன். அங்கே பெரும்புயல் அடித்தது. அன்றோடு அவன் போன் அடங்கிவிட்டது. நான் நாமக்கல்லில் லாரி ஓட்டியவன். கௌஹாத்தி ரோட்டில் ஒரு வண்டி வராவிட்டால் எதிரே வருகிறவனை நிறுத்தி விசாரிப்போம். சுற்றிலும் கடலாக இருக்கிற ஊரைப் பற்றி யாரை நிறுத்தி விசாரிப்பது? மகள் எங்கெங்கோ போன் பண்ணினாள். எல்லோரும் வெயிட் பண்ணச் சொன்னார்கள்.

அடுத்த தெருவில் ஒரு டாக்டர், கோயம்புத்தூர்க்காரர். விஷயம் கேள்விப்பட்டு வந்தார்.

“ஐயா, அந்த நாட்டு ஃபாரின் மினிஸ்டர் எனக்குக் கிளாஸ்மேட்டுங்க. எங்க கோயம்புத்தூர் காலேஜ்லதான் டாக்டருக்குப் படிச்சான். நியூயார்க் மீட்டிங்குக்கு வந்திருக்கான். சனிக்கிழமை நம்ம வீட்டுல லஞ்ச். நீங்களும் வந்துருங்க.”

மந்திரி என்றதும் கொடி கட்டின கார்கள் வரும் என்று ஜன்னல் பக்கம் நின்றேன். ஒரு டாக்ஸி வந்தது. கசங்கின கோட்டோடு ஒருத்தர் இறங்கி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னடா, பிஏ, செக்யூரிட்டி எல்லாம் எங்க?” என்றார் டாக்டர்.

“பிஏவும் நான், செக்யூரிட்டியும் நான். சாம்பார் வாசனை வருது, உள்ள விடு மொதல்ல” என்றார் மந்திரி. தமிழ் கொஞ்சம் உடைந்திருந்தாலும் நன்றாகவே பேசினார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மகள் என் கையை அழுத்தினாள்.

“அப்பா, அவரு சாப்பிட்டு முடிக்கட்டுங்கப்பா.”

எங்கள் பக்கம் அது வழக்கம். வீட்டுக்கு வந்தவர் கை நனைக்கும் முன்னால் காரியம் கேட்க மாட்டோம். காரியத்துக்காகத்தான் சோறு போட்டது போல ஆகிவிடும். அதனால் எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு எப்போது வருவார், மோருக்கு எப்போது வருவார் என்று கணக்குப் போட்டேன். அவரோ டாக்டரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார்.

“பெரிய நாட்டு மந்திரி போன் பண்ணா எதிர்ல இருக்கறவன் எழுந்து நிப்பான். நான் பண்ணா ஹோல்டுல போடுவான். மியூசிக் கேட்டுட்டே உக்காந்திருப்பேன்.”

“இந்த வாரம் என்னடா கேட்ட?”

“தார்ப்பாய், குடிதண்ணி, ஒரு கப்பல். என் வேலையே அதானே. எங்க நாட்டுக்காக வீடு வீடா கேக்கறது. வெட்கப்பட்டா ஜனங்க நனைஞ்சிட்டே இருப்பாங்க.”

ரசம் ஊற்றும்போது அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே எழுந்தார், பேசிக்கொண்டே கை கழுவினார், பேசிக்கொண்டே ஷூ போட்டார். ஏதோ ஒரு நாட்டு மந்திரி உடனே பார்க்க ஒத்துக்கொண்டாராம். எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கினார்.

கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும் எங்களில் ஆகாது. ஆனால் அந்த டாக்ஸி கதவு திறந்ததும் எனக்குக் கடல்தான் தெரிந்தது.

“ஏனுங்க! மந்திரி ஐயா! நில்லுங்க!”

“அப்பா!” என்று மகள் பதறினாள்.

அவர் திரும்பினார். நான் மகனைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கரை என்று கேட்டார். வடக்குக் கரை என்றதும் அவர் முகம் மாறியது. அங்கேயே நின்று போன் போட்டார்.

“அங்க ஒரே ஒரு சாட்டிலைட் போன் இருக்குங்க. பேட்டரி தீரக்கூடாதுன்னு மத்தியானம் கொஞ்ச நேரம்தான் ஆன் பண்ணுவாங்க. இப்பதான் ஆஃப் பண்ணிட்டாங்க. வந்த உடனே ஏன் கேக்கல ஐயா?”

“நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க...”

அவர் மகன் பேரையும் மகள் போன் நம்பரையும் குறித்துக்கொண்டார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம்வரை மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அது அடித்தது. கரகரவென்று மகன் குரல்.

“யாருங்கப்பா மந்திரிகிட்ட சொன்னது? போலீஸ் வந்து எம் பேரக் கூப்புடவும், என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நொண்டிக்கிட்டே போயி பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சுட்டேன்!”

கால் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது கடல் தாண்டி இருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். கேட்க வேண்டியதை வாசலிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள். சோறு பிறகு போட்டுக்கொள்ளலாம்.