மாமி சத்தமில்லாமல் பார்த்த நாடகம்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் இடுப்பளவு உயரம். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் யாரோ வீடு மாறும்போது விற்றதை, ஒரு பழைய அம்பிளிஃபயரோடு சேர்த்து வாங்கி வந்தேன். கதவைத் திறந்த மனைவி பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கோயில் திருவிழா இனி இஞ்சயோ நடக்கப்போகுது?" என்று கேட்டாள். நான் பெட்டிகளை உள்ளே இழுத்தேன். நல்ல சத்தத்தின் அருமை எல்லாருக்கும் விளங்காது.

தொலைக்காட்சியையும் அம்பிளிஃபயரையும் ஒப்டிக்கல் வயரால் இணைத்தேன். சத்தம் அவ்வளவு துப்புரவாக வந்தது. ஆனால் ஒரு சிக்கல். தொலைக்காட்சியின் றிமோட்டை எவ்வளவு அமத்தினாலும் சத்தம் கூடாது, குறையாது. இங்கிருந்து மாற்ற முடியாது என்று திரையில் ஒரு வரி வந்து மறையும், அவ்வளவுதான். அம்பிளிஃபயரின் றிமோட் நான் வாங்கும்போதே காணாமல் போயிருந்தது. எழும்பிப் போய்க் குமிழைக் கையால் திருப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து கத்தினால் ஒரு சொல் இரண்டு தரம் கேட்கிறதென்று தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரையும் நிறுத்தியிருந்தேன். ஆகவே அம்பிளிஃபயரைப் போடாவிட்டால் எங்கள் வீட்டில் படம் மட்டும்தான் ஓடும்.

இந்த நிலைமையில்தான், மாமா காலமான பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து மாமி எங்களோடு இருக்க வந்தார். மனைவியின் அம்மா. அவர் என்னோடு நேராகக் கதைப்பதில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை. நான் பக்கத்தில் இருக்கும்போதே மகளைப் பார்த்து, "அவருக்குத் தேத்தண்ணி போடட்டோ எண்டு கேள்," என்பார். நானும் மனைவியைப் பார்த்து, "இப்ப வேண்டாமெண்டு சொல்லும்," என்பேன். ஒரே மேசையில் இருந்துகொண்டு நாங்கள் இப்படிக் கதைக்க, நடுவில் என் மனைவி பழைய காலத்துத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மாதிரி வேலை செய்தாள். "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் தாங்கோ," என்று ஒருநாள் கத்தியும் விட்டாள்.

பின்னேரங்களில் மாமி சமையலறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே தொலைக்காட்சி பார்ப்பார். அவர் வந்து இருந்தவுடன் நான் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைப்பேன். பெரிய மனுசிக்கு முன்னால் அலற விட்டுக்கொண்டிருப்பது அழகில்லை என்று எனக்கு நினைப்பு. கொஞ்ச நேரத்தில் அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மாமிக்கு ரிவியில் விருப்பமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவர் வந்து, ஸ்பீக்கர்களின் பலத்தைப் பார்க்கிறேன் பேர்வழி என்று குமிழைக் கடைசி மட்டும் திருப்பினார். நான் துள்ளி எழும்பிக் கத்தினேன். "அண்ணை, அதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது! பழுதாப்போனால் திருத்த ஆளில்லை." நண்பர் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். மாமி உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காதிலும் அது விழுந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில், மொன்றியலில் இருக்கும் மகனிடம் போகப்போவதாக மாமி சொன்னார். ஏனென்று மகள் கேட்டதற்கு, "அங்கயும் இருக்கத்தானே வேணும்," என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போவதாக மகனும் சொல்லிவிட்டார். மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை விட்டு அழுதாள். எனக்கும் மனம் சரியில்லை. மாமி வந்த பிறகு எங்கள் வீடு வீடாக இருந்தது. வேலையால் களைத்து வருகிற மனைவி, படியேறும்போதே "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள். அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். மாமியை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதை எக்ஸ்சேஞ்ச் மூலமாகவா சொல்வது?

பிறகு ஒருநாள், விழுந்தவுடன் கண்ணாடியாக உறைகிற மழை பெய்தது. நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் மத்தியானமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்சால் இறங்கி, மல்வேர்ன் நடைபாதையில் வாத்து நடை நடந்து வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுண்ஹவுஸில் கீழே சப்பாத்துக் கழற்றும் இடம், நாலைந்து படி ஏறினால் வரவேற்பறை. மேலே ஒரு ஆம்பிளை உறுமினான்.

"ஆரடா உனக்கு இந்த வீட்டுத் திறப்பைத் தந்தது?"

மெல்லிய குரல் ஒன்று நடுங்கிக்கொண்டு பதில் சொன்னது. "மாமா, திறப்பு பூட்டிலயே கிடந்தது. நீங்கள்தான் மறந்துபோய் விட்டிட்டுப் போனனீங்கள்."

விருந்தாளிகள் என்றால் வாசலில் சப்பாத்துக் கிடக்க வேண்டுமே. ஒன்றையும் காணவில்லை. இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். சோபாவின் நட்டநடுவில் மாமி சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். தொலைக்காட்சியில் ஏதோ நாடகம் ஓடியது. ஆனால் அம்பிளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியவில்லை, படம் மட்டும்தான். திரையில் பெரிய மீசைக்காரர் ஒருவர் வாயைத் திறக்க, மாமி தொண்டையைக் கட்டைக் குரலாக்கினார்.

"ஹீட்டர் காசு ஆர் கட்டுறது? உன்ர கொப்பனோ?"

அரண்மனை மாதிரி வீடு. தூண் எல்லாம் தங்கம். அந்த வீட்டில் ஹீட்டர் காசுக்குச் சண்டை! அடுத்ததாக, கழுத்து நிறைய நகையோடு ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். மாமி மூக்கால் இழுத்தார்: "என்ர மனுசன் நைட் சிஃப்ற் அடிச்சு முறியிறார். நான் இஞ்ச உவ்வளவு நகையோட நிண்டு அழுறன். எனக்கே வெக்கமாக் கிடக்கு."

நான் தொப்பியைக் கழற்றி வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. என் முன்னால் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாத மனுசி இவர்! இத்தனை மாதமும் பகல் முழுக்க இவருக்குள் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்!

காட்சி மாறியது. வயதான பெண் ஒருவர் கையில் பையோடு வாசலில் நின்று, யாரிடமோ விடைபெற்றுக்கொண்டிருந்தார். மாமி காலைக் கீழே இறக்கினார். பிறகு எந்த வேசமும் இல்லாமல், தன் சொந்தக் குரலில் சொன்னார்.

"நான் போட்டு வாறன் பிள்ளை. எனக்கு இஞ்ச ஒரு குறையுமில்லை. உன்ர மனுசன் நல்ல மனுசன். நான் வந்து இருந்தால் பாவம், எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைக்கிறார். என்னால ஏன் அவருக்கு இடைஞ்சல்? அந்தப் பெட்டியில கை வைக்கவும் எனக்குப் பயம்."

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது. மெதுவாகக் கீழே இறங்கி, கதவைத் திறந்து, வீடே அதிர அடித்துச் சாத்தினேன். சப்பாத்தை உதறினேன், இருமினேன். மேலே போனபோது தொலைக்காட்சி நின்றிருந்தது. சமையலறையில் மாமி கேத்திலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு என்மீது பாய்ந்தாள். "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் எண்டு தெரியாதே உங்களுக்கு? நீங்கள் குறைச்சால் அவவுக்கு என்ன கேக்கும்? ரெண்டு பேருமாய் மரியாதை செய்து செய்தே அவவை மொன்றியலுக்கு ஏத்தப்போறியள்!"

அடுத்தநாள் தொலைக்காட்சிக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். நான் பெருமைப்பட்ட ஒப்டிக்கல் வயரைப் பிடுங்கினேன். ஹெட்ஃபோன் செருகும் துளையிலிருந்து ஒரு சாதாரண வயரை அம்பிளிஃபயருக்கு இழுத்தேன். செட்டிங்ஸுக்குள் போய், வெளியே போகும் சத்தம் றிமோட்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று மாற்றினேன். அம்பிளிஃபயரின் குமிழை நடுவில் நிறுத்தி, அது எந்த நேரமும் எரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன். இனி எல்லாம் ஒரே றிமோட். சத்தத்தின் துப்புரவு கொஞ்சம் குறைந்ததுதான், குறையட்டும்.

"இதை மாமியிட்டக் குடும்," என்று றிமோட்டை மனைவியிடம் நீட்டினேன்.

"எக்ஸ்சேஞ்ச் பூட்டியாச்சு. நீங்களே குடுங்கோ."

போய்க் கொடுத்தேன். "மாமி, இனி இது உங்களிட்டயே இருக்கட்டும். கூட்டுறதும் குறைக்கிறதும் உங்கட விருப்பம்." மாமி இரண்டு கையாலும் வாங்கினார். பெருவிரலால் அமத்தினார். அமத்தியதை விட மறந்துபோனார். ஒரு விளம்பரக்காரி பல்பொடியின் மகிமையை ஊரெல்லாம் கேட்கக் கூவ, யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இடித்தார். மாமி பதறிப்போய்க் குறைத்தார். பிறகு தைரியம் வந்து, ஒருக்கால் கூட்டி, ஒருக்கால் குறைத்து, தனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினார். அது நான் வழக்கமாக வைப்பதைவிடக் கூடவாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் மூன்று பேரும் சோபாவில் இருந்து அந்த நாடகத்தைப் பார்த்தோம். மீசைக்காரர் உறுமினார். இளைஞன் பதிலுக்கு "அப்பா" என்றான். மாமி கன்னத்தில் கை வைத்தார்.

"ஐயோ, உவன் மகனே? நான் இவ்வளவு நாளும் மருமகனெண்டெல்லோ நினைச்சன்!"

எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்கிற மாதிரி அவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஹீட்டரும் இல்லை, நைட் சிஃப்ற்றும் இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. வாய் என்னையறியாமல் உளறிவிட்டது.

"மாமி, நீங்கள் சொன்ன கதைதான் நல்லாயிருந்தது."

மாமி திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "எப்ப கேட்டனீங்கள்?"

"மழை பெய்த அண்டைக்கு. படியில நிண்டு."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டேன் என்று நான் பதைக்க, தலைப்புக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. மனைவியும் சேர்ந்துகொண்டாள். எனக்கு வயிறு நோகும்வரை சிரிப்பு. ஓய்ந்த பிறகு மாமி கண்ணைத் துடைத்தார், றிமோட்டை எடுத்தார், சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. மகனாயிருந்தால் இவன் ஏன் திறப்புக்குப் பேச்சு வாங்கிறான்? அவையளுக்கே தங்கட கதை தெரியேல்லை. கேளுங்கோ, நான் சொல்லுறன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இதே கூத்துத்தான். மீசைக்காரருக்கு நான் குரல் கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை என்று மாமி என்னை அந்த வீட்டுக் கார் ஓட்டுகிற ரைவராக ஆக்கிவிட்டார். ரைவருக்கு வசனம் குறைவு.

மாதக் கடைசியில் மொன்றியலிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தார். சாமான் எல்லாம் அடுக்கியாச்சோ, சனிக்கிழமை வரட்டோ என்று எங்களுக்கும் கேட்கக் கத்தினார். மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன். மாமி என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"உங்க மொன்றியலுக்கு இப்ப வரேலாது ராசா. இவருக்கு நாடகம் ஒண்டும் விளங்குதில்லை. நான் பக்கத்தில இருந்து சொல்லோணும்."