ரெகுலேட்டர் ஐந்தில்தான் இருந்தது

நான் பிசிக்ஸ் வாத்தியார். ஊரப்பாக்கத்து வீட்டில் ஒரு சுவிட்ச் மாற்றக்கூட ஆள் கூப்பிட விடமாட்டேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

மனைவிக்கு மாதவிலக்கு நிற்கும் வயது. உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று வியர்க்கும். எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைப்பாள். எனக்கோ சைனஸ். இரண்டைத் தாண்டினால் தும்மல் அடுக்கும். அவள் கூட்ட, நான் குறைக்க, தினமும் சண்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவள் கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம், சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, ஃபேனுக்குப் போகும் ஒயரில் ஒரு கண்டென்சரைச் சேர்த்து மூடிவிட்டேன். இனி ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டின் வேகம்தான். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, ஃபேன் ஸ்லோவா சுத்துற மாதிரி இல்ல?”

“அஞ்சுலதான இருக்கு? நல்லாத்தான் சுத்துது. உனக்குத்தான் அப்படித் தெரியுது.”

நம்பிவிட்டாள். வாத்தியார் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

அந்தக் கோடை முழுக்க ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே நடமாடினாள். டாக்டரிடம் போய், “எனக்கு மட்டும் ஃபேன் காத்தே படல டாக்டர்” என்றாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வெட்கம், அதைவிட மாட்டிக்கொள்வோமே என்ற பயம். சத்தமில்லாமல் கழற்றிவிடலாமென்றால், திடீரென்று வேகம் கூடினால் அவளுக்குத் தெரிந்துபோகும். அதனால் அதையும் செய்யவில்லை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருந்த அன்று, சுவிட்சில் பொறி பறந்ததென்று அவளே எலெக்ட்ரீஷியனை வரவழைத்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது ஹாலில் ஃபேன் பறந்துகொண்டிருந்தது. டேபிள்மேல் அந்தக் கண்டென்சர்.

“‘யாரோ வேணும்னே இத்த சொருகி வச்சிக்கீறாங்கக்கா’ன்னு சொன்னாரு,” என்றாள். கத்தவில்லை. “எனக்குத்தான் மூளை கலங்குதோன்னு பயந்துட்டேங்க.”

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். சோறும் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஆனால் இப்போதெல்லாம் நான், “மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்துடு” என்றால், மாடிக்குப் போய், வானத்தைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடியில் கை வைக்கிறாள்.