கடலைப் பொட்டலத்துக்குத் தப்பிய புத்தகம்

போன வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரம் ரயிலில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். கண் நோய்களைப் பற்றிய புத்தகம். எதிர் பெஞ்சில் ஓர் அம்மாள், மடியில் ஒரு பலாப்பழத்தோடு. சேரன்மகாதேவி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“ஒங்க கண்ணுக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலியே.”

“வீட்டுல யாருக்கும்…?”

“இல்ல.”

“அப்போ அதை எதுக்கு வாசிக்கிய? டாக்டர்மாருல்லா வாசிக்கணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. பலாப்பழத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பதில் என்னிடமே தங்கிவிட்டது. அதை உங்களிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் நான் — இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். அப்போது எங்கள் ஊரில் ஒரு துரை சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஒரு சாய்வு நாற்காலியின்மேல் எனக்குக் கண். போனேன்.

மேஜை, கட்டில், நாய்ச் சங்கிலி, தகரத் தொட்டி… எல்லாம் மரத்தடியில் கிடந்தன. ஒரு ஓரத்தில் புத்தகக் குவியல். அதை ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஒரே ஒரு பெண்தான், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மடியில் கைக்குழந்தையோடு குத்தவைத்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் மைமூன். மேலப்பாளையம். புருஷர் காதர் மைதீன், தறிக்காரர். நூலுக்குச் சாயம் போட அந்தத் தகரத் தொட்டி ஆகுமா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொட்டி பார்க்கும் நேரத்தில் இவள் படம் பார்த்தாள். அவ்வளவுதான். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது.

திடீரென்று அவள் கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

“ஏங்க… இங்க வாங்க. வெரசா வாங்க.”

மைதீன் தொட்டியை விட்டுவிட்டு ஓடினார். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஆசிரியை என்றால் எட்டிப் பார்க்கக் கூடாதா என்ன?

மைமூன் குழந்தையின் காலை மூடியிருந்த துணியை விலக்கினாள். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தக் காலைப் புத்தகத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்திலும் ஒரு குழந்தை. அதே பாதம். அதே மடங்கல்.

“நம்ம புள்ள காலுல்லா இது… அச்சுல போட்டிருக்காவ!”

அவள் முகத்தில் நான் பார்த்தது துக்கமல்ல. எப்படிச் சொல்ல? வேற்றூரில் தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரரைச் சந்தையில் கண்டுவிட்டால் ஒரு முகம் வருமே, அது.

வம்பு அதற்குப் பிறகுதான். புத்தகக் குவியலை மொத்தமாக ஏலம் எடுத்திருந்தார் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. எதற்கு? பொட்டலம் மடிக்க. ஆட்கள் அள்ளி வண்டியில் போட்டார்கள். மைமூன் தன் கையிலிருந்ததைக் கொடுக்கவில்லை.

“அண்ணாச்சி, இத மட்டும் எனக்குத் தாங்க.”

“இங்கிலீசு புஸ்தகம் தாயி. ஒனக்கு என்னத்துக்கு?”

அவள் படத்தைக் காட்டினாள். பிறகு குழந்தையின் காலைக் காட்டினாள். அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொண்டுக்கிட்டுப் போ. கடலை மடிக்க எனக்கு வேற தாளா கெடைக்காது?”

புத்தகம் கைக்கு வந்துவிட்டது. வாசிக்க ஆள்? மைமூன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். என் மூக்குக் கண்ணாடி அவள் கண்ணில் பட்டது.

“நீங்க வாசிப்பியளா?”

வாங்கிப் பார்த்தேன். ரணசிகிச்சை, அதாவது அறுவை வைத்தியப் புத்தகம். டாக்டருக்குப் படிப்பவர்களுக்காக எழுதியது. எலும்புகளின் பெயர்கள் எல்லாம் லத்தீன். பாதி வார்த்தை எனக்குப் புரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

“புரிஞ்ச பாதிய வாசிங்க டீச்சர். அது போதும்.”

அந்த வாரத்திலிருந்து என் சனிக்கிழமைகள் மேலப்பாளையத்துக்குப் போயின. பெரிய டிக்ஷனரி ஒன்றையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். தறிச் சத்தத்துக்கு நடுவே நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். மைதீன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவருடைய தாயார் அடுப்படியில் இருந்தபடி, கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. பிள்ளை வயிற்றிலிருந்தபோது கிரகணத்தன்று மைமூன் வாசலில் நின்றாளாம். அதனால் வந்த வினை. மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், குழந்தை பார்க்க வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

முதல் சனிக்கிழமை, அந்தப் படம் இருந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஒரு வாக்கியம் வந்தது. இந்தக் குறை ஏன் உண்டாகிறது என்பது நிச்சயமாகத் தெரியவில்லை.

“மறுபடி சொல்லுங்க.”

சொன்னேன்.

“கெரகணம்னு போட்டிருக்கா?”

“இல்ல.”

“தாயி செஞ்ச தப்புன்னு?”

“இல்ல.”

“நல்லாப் பாருங்க டீச்சர்.”

“இல்ல மைமூன். எங்கயும் இல்ல.”

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “மாமி, கொஞ்சம் இங்கன வாங்க.”

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி வாசித்தேன். அவர் பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

“எழுதினவனுக்கே தெரியலியாமா?”

“தெரியலைன்னுதான் எழுதியிருக்காரு.”

“அப்ப எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கிரகணப் பேச்சு அன்றோடு அந்த வீட்டில் தீர்ந்தது.

பாருங்கள், தெரிந்ததைச் சொல்லும் புத்தகம் நிறைய. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, தெரிந்தவன்தான் வேண்டும்!

இன்னொரு சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். சில பிள்ளைகளுக்கு என்ன செய்தாலும் பாதம் முழுசாக நேராகாது என்று ஒரு பத்தி வந்தது. எதற்கு இவளிடம் இதைச் சொல்ல வேண்டும்? பைய அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன்.

“டீச்சர்… ஒங்க வெரலு தாண்டிட்டு.”

“என்னது?”

“எழுத்துத் தெரியாட்டா வெரலு தெரியாதா? இந்த எடத்துல இருந்து அந்த எடத்துக்குத் தாண்டிட்டு. அங்கன என்ன போட்டிருக்கு?”

வேறு வழி? வாசித்தேன். கேட்டுக்கொண்டாள். கண் கலங்கத்தான் செய்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நல்லதைச் சொல்ல நாலு பேரு வீடு தேடி வருதாவ டீச்சர். கெட்டதையும் சொல்லும்னுதான் புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்தேன். இனிமே ஒரு வரி விடாதிய.”

அதற்குப் பிறகு நான் லத்தீன் எலும்புகளைக்கூட விடவில்லை.

சிகிச்சை இதுதான்: பாதத்தைக் கையால் மெல்ல மெல்ல நேர்ப்படுத்தி, அந்த நிலையிலேயே கட்டிவைக்க வேண்டும். பிறகு அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் நேர்ப்படுத்தி, மறுபடி கட்ட வேண்டும். குதிநரம்பு இறுகியிருந்தால் டாக்டர் அதைச் சிறிது கீறிவிடுவார். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது.

இதைக் கேட்ட மைதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே தன் தறியில் நெய்த துணியைக் கிழித்து, தன் கையாலேயே பாதத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார். ஆசை. தகப்பன் ஆசை. குழந்தை வீறிட்டு அழுதது. சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்து முனகலாயிற்று. மைமூன் போர்வையை விலக்கிப் பார்த்தால், விரல்களெல்லாம் நீலம்!

விரல் நீலமானாலோ குளிர்ந்தாலோ உடனே கட்டை அவிழ்க்க வேண்டும் என்று நான் வாசித்திருந்தேன். கீறிவிடுமென்று அரிவாள்மனையைத் தூர ஒதுக்கிவிட்டு, மைமூன் பல்லாலேயே முடிச்சைக் கடித்து அவிழ்த்தாளாம். விரல்களில் சிவப்பு ஏறும்வரை மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது மைதீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வாசிச்சாப் போதும்னு நெனச்சிட்டேன் டீச்சரம்மா. கை பழகணும்லா?”

“பழகுன கை எங்கன இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்,” என்றாள் மைமூன். “நான் போவேன்.”

எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தியிடம் விசாரித்தேன். ஆரல்வாய்மொழி தாண்டி, திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை செய்கிறார்கள் என்றாள். மாட்டுவண்டிப் பயணம். கத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியார் குறுக்கே வந்துவிட்டார்.

“பச்சப்புள்ள காலுல கத்தி வைக்கதாவது! நொண்டுனா நொண்டிட்டுப் போகட்டும். உசுரோட இருக்கட்டும்.”

“மாமி, கத்தி ஒரு நாளு. ஊரு ‘நொண்டி’ன்னு கூப்பிடுதது ஆயுசு பூரா. சொகரா எதைத் தாங்குவா, சொல்லுங்க?”

சொகரா என்பது குழந்தையின் பெயர். வண்டி புறப்பட்ட அன்று பார்த்தால், அரிசி மூட்டையோடும் ஒரு சட்டியோடும் மாமியார்தான் முதலில் ஏறி உட்கார்ந்திருந்தார். கோடை விடுமுறை, நானும் ஏறினேன். புத்தகத்தை மைமூன் தலையணை உறைக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. மைமூன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்து, “இத செய்யுங்க,” என்றாள்.

டாக்டரம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“இது ரொம்பப் பழைய புஸ்தகம் அம்மா. இப்போ நாங்க இப்படிக் கட்டறதில்லை.”

இத்தனை சனிக்கிழமைகள், இத்தனை தூரம்… பழசா? மைமூன் முகம் மாறவேயில்லை.

“பழைய புஸ்தகத்துலயே வழி இருந்தா, இப்போ அதைவிட நல்ல வழியால்லா இருக்கும்? அதச் செய்யுங்க.”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பிளாஸ்டர் கட்டு. அவிழ்ப்பு. மறுபடி கட்டு. நடுவில் ஒருநாள் குதிநரம்பில் சின்னக் கீறல்; அன்று வராந்தாவில் மைமூனைவிடச் சத்தமாக அழுதவர் மாமியார். நான் பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பிவிட்டேன். அவர்கள் மழைக்காலம் வரை அங்கேயே ஒரு அறையில் தங்கினார்கள். மைதீன் ஊரில் நெய்வதும், அங்கே ஓடுவதுமாக இருந்தார். ஊர் திரும்பிய பிறகும் வெகுகாலம் இரவில் காலுக்கு ஒரு பலகை கட்டித்தான் குழந்தை தூங்கியது. ஒரு ராத்திரிகூட மைமூன் அதைத் தவறவிடவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் அந்தப் புத்தகம்தானா? இல்லை. குணப்படுத்தியது டாக்டரம்மாவின் கை. ஆனால் அந்தக் கையைத் தேடிப் போகிற தைரியம்? அது எங்கே கிடைத்தது? நிபுணருக்காக எழுதிய புத்தகத்தில் நம்மைப் போன்றவர்கள் நிபுணத்துவத்தையா தேடுகிறோம்? நம்முடைய கஷ்டம் நமக்கு முன்னால் வேறு யாருக்கோ வந்திருக்கிறது, ஒருவர் உட்கார்ந்து அதைப் பொறுமையாகக் கவனித்திருக்கிறார், அலங்காரமில்லாமல் எழுதியிருக்கிறார் — அதைத்தான் தேடுகிறோம். மாடு, மண், கண், சட்டம்… எதைப் பற்றிய புத்தகமானாலும் சரி. ஆகவே யார் எத்தனை ஸ்டேஷன் உற்றுப் பார்த்தாலும், நான் வாசிக்கத்தான் போகிறேன்.

போன ஐப்பசியில் மைமூன் வீட்டுக்குப் போயிருந்தேன். உவரியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். கருவாட்டு வியாபாரி ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டு வந்தாளாம். மடியில் குழந்தை, இரண்டு பாதமும் உள்ளே மடங்கியிருந்தன. மைமூன் புத்தகத்தைத் திறந்து காட்டினாள்.

அந்தப் பெண் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“இந்தப் படத்துல இருக்க பிள்ள… பெறவு நடந்துச்சா?”

புத்தகத்தை வாங்கினேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஒரு எண் இருந்தது. பிள்ளையின் கதி என்ன ஆனதென்று ஒரு சொல் இல்லை.

மைமூன் எனக்காகக் காத்திருக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி சொகரா! இங்கன வா!”

தெருவிலிருந்து சொகரா ஓடி வந்தாள். வலது பாதம் மற்றதைவிடச் சற்றுச் சின்னது, லேசான சாய்வு. அவ்வளவுதான். மூச்சு வாங்க நின்றாள்.

“எதுக்கும்மா கூப்ட்ட?”

“சும்மாத்தான். போய் வெளயாடு.”

வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். உவரிப் பெண் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்; சொகரா தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்தாள். பிறகு, “அந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டாள்.

எழுதின டாக்டர் எந்தச் சீமையில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த பதிப்பில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும் — பிள்ளை ஓடுகிறது!