ஆறங்குலக் கம்பளம்

யோகப்பிரியா விற்கும் கம்பளத்தில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாது. நீளம் ஆறங்குலம், அகலம் நாலு. பொம்மை வீட்டுக் கம்பளம் அது. நிஜ வீட்டின் ஓர் அடி பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். பேரன் பேத்தி எடுத்த சீமைக்காரர்கள் இந்தக் கணக்கில் வீடு கட்டி விளையாடுகிறார்கள் என்பதை நம்ப எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு வருடம் பிடித்தது. தபால் ஆபீஸ் மலையாளச் சேச்சி இன்னும் நம்பவில்லை. ஒன்பது கிராம் பொட்டலத்தைத் தராசில் வைத்துவிட்டு, "ஈ கம்பளத்தில் ஆரா இரிக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் சிரிப்பாள்.

யோகப்பிரியா கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். மெல்லிய துணி ஒட்டிய தாளில் கம்பளம் அச்சாகும். சொரசொரப்பான கான்வாஸ் தாளில் சுவர்ப் படங்கள். கம்பளத்தின் ஓரத்து இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குஞ்சம் எடுப்பாள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும் என்று மாமியார் மருதாத்தாளின் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பாள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

போன ஆடியில் ஸ்காட்லாந்திலிருந்து ஹெலன் என்ற பழைய வாடிக்கைக்கார அம்மாள் ஒரு பழைய புகைப்படம் அனுப்பினாள். இறந்துபோன தன் அம்மாவின் அறையைப் பொம்மை வீடாகச் செய்கிறாளாம்; தரையில் கிடக்கும் சிவப்புக் கம்பளம் அப்படியே வேண்டுமாம். கம்பளத்தின் ஒரு மூலையில் காசளவுக்குக் கருகிய ஓட்டை இருந்தது. யோகப்பிரியா யோசிக்கவே இல்லை. கருகியதை ஒருவர் வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது, அதுவும் புதுவீட்டுக்கு. பொம்மை வீடானால் என்ன, வீடு வீடுதானே. பக்கத்துப் பூவை நகலெடுத்து ஓட்டையை அழகாக மூடி, மனநிறைவோடு அனுப்பி வைத்தாள்.

இருபது நாளில் பதில் வந்தது. 'இது என் அம்மாவின் கம்பளம் இல்லை.' அவ்வளவுதான்.

யோகப்பிரியாவிடம் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹெலன் சொல்லி வந்தவர்கள். அந்த அம்மாள் முகம் சுளித்தால் இணையக் கடையைச் சாத்திவிட்டு மறுபடி பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். நல்லதை நினைத்துத்தான் மூடினேன் என்று எங்கள் வழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எனக்கென்னவோ, மன்னிப்பில்கூடக் கொஞ்சம் ரோஷம் இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நீளமான பதில் வந்தது. படித்ததும் யோகப்பிரியா ஓட்டையை மூடாமல் கருகலை அப்படியே விட்டுவைத்து அச்சடித்துப் பார்த்தாள். வெற்றிலை எச்சில் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை அடித்தாள். மை சிந்தின மாதிரி இருந்தது. கடைசியில் பூ மட்டும் உள்ளதாக நாலு கம்பளம் அடித்துக் காயவைத்து, சாமி மாடத்தில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்தாள். அதன் நுனியைக் கம்பள மூலையில் வைத்தாள். முதல் மூன்றும் பெரிதாகப் பொத்துப்போயின. நாலாவதில் தொட்டதும் எடுத்துவிட்டாள். பழுப்பு வளையம், நடுவில் கறுப்பு.

அதற்குள் மருதாத்தாள் வந்து நின்றாள்.

"என்னம்மிணி, கருகுற நாத்தம் அடிக்குது? வெள்ளிக்கெழமையும் அதுவுமா, சாமி பத்தியில என்னடி பண்றே?"

"கம்பளத்தைச் சுட்டுட்டு இருக்கேனுங்க அத்தை. அந்த ஓட்டை ஹெலனம்மாவுக்கு வேணுமாமுங்க."

"ஓட்டையக் காசு குடுத்து ஆராச்சும் வாங்குவாங்களா?"

"ஒம்பது வயசுல அவங்க அடுப்புத் தணலை வெச்சு வெளையாடிப் போட்ட ஓட்டைங்க அது. அவங்கம்மா கலியாணத்துக்கு வந்த கம்பளமாமுங்க."

"தோலை உரிச்சிருப்பா அவ ஆத்தா."

"இல்லீங்க அத்தை. கம்பளத்தைப் பாக்கவே இல்லையாமுங்க. ஓடி வந்து மொதல்ல இவங்க கையைத்தான் விரிச்சுப் பாத்தாங்களாமா."

மருதாத்தாள் நாலாவது கம்பளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, "எங்க, உன்ற கையைக் காட்டு," என்றாள்.