கண்டக்டர் வேல்பாண்டியின் வியாழக்கிழமைகள்

வேல்பாண்டி இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் கண்டக்டர். காரைக்குடிக்கும் கண்டரமாணிக்கத்துக்கும் இடையே ஒரு நாளைக்கு எட்டு நடை. பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் இலவசச் சீட்டு, ஆண்களுக்குக் காசுச் சீட்டு. ஆளைப் பார்த்ததும் எந்தச் சீட்டு என்று அவர் விரல் தானாகவே மெஷினில் அழுத்திவிடும். இதுவரை தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன ஆடியில் அவருடைய ஒரே பிள்ளை ஹரீஷ், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவர், இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அப்பா, நான் ஆம்பளதானான்னு எனக்கே தெரியல. சனிக்கிழமை தோறும் ஒரு மனநல கவுன்சிலர்ட்டப் போயிப் பேசிக்கிட்டு இருக்கேன்."

அம்மா ரேணுகா கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். வேல்பாண்டி இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை, வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, கவுன்சிலரைத் தேடிப் போனார். ஜெராக்ஸ் கடை மாடியில் சின்ன அறை. ஹேமாவதி என்று பெயர், நாற்பது வயதிருக்கும்.

"எம் பய உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"அத நான் சொல்லக் கூடாது சார்."

"நான் பெத்த அப்பன்."

"தெரியும்."

"சரி, மாத்திரை எதுவும் இருக்கா?"

"இது நோயில்லையே."

"பெறகு எதுக்கு இங்க வாரான்?"

"பேசுறதுக்கு."

"பேச்சுன்னா வீட்லயே பேசலாமே?"

"வீட்ல பேசியிருக்கீகளா?"

வேல்பாண்டி யோசித்துப் பார்த்தார். சாப்பிட்டியா, பீஸ் கட்டியாச்சா, லைட்டை அணை. இருபது வருடத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அடுத்த வியாழன் நீங்க வாங்க. உங்களுக்காக" என்றார் ஹேமாவதி.

முதல் வாரம் முழுக்க வேல்பாண்டி பஸ்ஸைப் பற்றிப் பேசினார். இரண்டாவது வாரம் டிரைவரைப் பற்றி. மூன்றாவது வாரம், "எப்ப முடிவு தெரியும்?" என்று கேட்டார். "முடிவு சொல்றது என் வேலையில்ல சார். யோசிக்கிறவுகளுக்கு அவசரப்படுத்தாத ஒரு ஆள் வேணும். அந்த ஆளா இருக்கேன், அவ்வளவுதான்" என்றார் ஹேமாவதி. இதற்கும் ஒரு சம்பளமா என்று வேல்பாண்டி நினைத்தார்.

நான்காவது வாரம் அழுதார். ஆறு வயதில் ஹரீஷ் துண்டைத் தலையில் சடைபோலத் தொங்கவிட்டு ஆடியதற்குத் தான் பெல்ட்டால் அடித்ததைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஹேமாவதி கொடுத்த டிஷ்யூவைப் பயன்படுத்தாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அதையே ஹரீஷிடமும் சொன்னார்.

"ஞாபகம் இருக்குப்பா" என்றார் ஹரீஷ்.

"அடிச்சிருக்கக் கூடாது."

"ஆமாப்பா."



ஐப்பசியில் ஒரு நாள் ஹரீஷ் கல்லூரி வாசலில் அவருடைய பஸ்ஸில் ஏறினார். கண்ணில் மை, பூப்போட்ட குர்தா. வேல்பாண்டியின் விரல் மெஷின்மேல் நின்றுவிட்டது.

"என்ன டிக்கெட்?"

"இன்னும் தெரியலப்பா. காசு டிக்கெட்டே குடுங்க."

முன்சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "கண்டக்டரே, அது ஆணா, பொண்ணா?"

"அது எம் பிள்ள" என்றார் வேல்பாண்டி. "நீங்க மானகிரிதான? ஸ்டாப் வந்துருச்சு, எந்திரிங்க."

மானகிரிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. அந்த ஆள் எழுந்து, அந்த ஒரு கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்தார்.

ரேணுகா தை மாதம்வரை இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. சின்ன வயதில் குத்தித் தூர்ந்துபோன காதைத் திரும்பவும் குத்தப்போவதாக ஹரீஷ் சொன்னபோதுதான் வாய்திறந்தார்.

"கண்ட கடையில போயிக் குத்தாத, சீழ் பிடிச்சிரும். நம்ம நகை செய்யிற பத்தர்ட்டப் போவம்."

தானே கூட்டிப்போனார். ஒன்பது நாள், காலையும் மாலையும், அவரே மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பிள்ளையின் காதில் பூசிவிட்டார். வலிக்குதா என்று மட்டும் கேட்டார்.